காய்ச்சல் வராதவர்கள்

ஊரில் எந்தக் குழந்தைக்கும் பத்து நாளில் காய்ந்து விழுகிற தொப்புள் கொடி என் மகளுக்கு மாதம் ஒன்று தாண்டியும் விழவில்லை. சுண்டைக்காய் வற்றல் மாதிரி கறுத்துப்போய் வயிற்றில் ஒட்டிக்கொண்டே இருந்தது. என் மாமியார் பூங்கொடிக்கு அதில்கூட ஒரு பெருமை. "எங்க வம்சமே அப்படித்தான் அம்மிணி, புடிச்சதை லேசுல விடமாட்டோம்" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். கொடி விழுந்த பிறகுதான் தொட்டில், தொட்டிலில் போட்ட பிறகுதான் பேர் என்பது அவர் வீட்டு வழக்கம். அதனால் அவளுக்குப் பேரும் இல்லை. பாப்பா என்றே கூப்பிட்டோம்.

தடுப்பூசி போட்ட அன்று வரிசையில் இருந்த மற்றக் குழந்தைகளுக்கு ராத்திரியெல்லாம் காய்ச்சலாம், தொடை வீக்கமாம். என் மகளுக்கு ஊசி குத்திய இடம்கூடத் தெரியவில்லை. நானும் மடச்சி மாதிரி சந்தோஷப்பட்டேன்.

அடுத்த வாரமே தொப்புளைச் சுற்றித் தோல் சாம்பல் நிறமாகி, ஓரத்தில் கரைய ஆரம்பித்தது. சிவப்பு இல்லை, சீழ் இல்லை, உடம்பு சுடவும் இல்லை. புண் மட்டும் சத்தமில்லாமல் பெரிதாகிக்கொண்டே போனது. பாப்பா பால் குடிப்பதை நிறுத்தியதும் காரில் மாமியார் மடியில் போட்டுக்கொண்டு கோயமுத்தூருக்கு ஓட்டினேன். திருச்செங்கோட்டில் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லித் தருவதுதான் என் தொழில். கோகிலவாணி டீச்சர் என்றால் தெரியும். வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். க்ளட்சை மிதிக்காமல் கியரைப் போடுகிறவளுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள், யாருக்கும் நீளும்.

அந்த ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துச் சோதித்துவிட்டு, பாப்பாவை வாங்கிக்கொண்டு போய் ஒரு கண்ணாடி அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். நானும் உள்ளே போகப் போனேன். டாக்டர் பெனிட்டா கையை நீட்டி மறித்தார். நாகர்கோவில்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம்.

"நீங்க ஒத்த ஊசி போட்டிருக்கீங்களா?"

"ஆமாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி. மூட்டுவாதத்துக்கு."

"அப்ப நீங்க உள்ள வரக்கூடாது."

"என்ற கொளந்தைங்க அது!"

"அதனாலதான் சொல்றேன். உங்க உடம்புல கிருமி இருந்தா உங்களுக்கே தெரியாது. காய்ச்சல் வராது, தொண்டை கட்டாது. நல்லாருக்கேன்னு நெனச்சுக்கிட்டே உள்ள போவீங்க. அவளுக்கு அது போதும்."

ஒற்றை ஊசி வந்து பத்து வருடம் ஆகிறது. ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் போதும். மூட்டு வீக்கம், குடல் புண், தோல் அரிப்பு, முதுகுவாதம் என்று உடம்பு தன்னையே அடித்துக்கொள்கிற நோயெல்லாம் அடங்கிவிடும். எனக்கு இருபத்திரண்டு வயதில் விரல் மூட்டெல்லாம் வீங்கி, காலையில் எழுந்தால் சீப்பைப் பிடிக்க முடியாது. ஊசி போட்ட மூன்றாம் மாதம் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அந்த மருந்தை நான் சாமியாகத்தான் நினைத்திருந்தேன்.

"ஊசிக்கும் தொப்புளுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்டேன்.

டாக்டர் கண்ணாடியில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். "ரத்தத்துல வெள்ளணுக்கள் பஸ்ல போற போலீஸ்காரங்க மாதிரி சுத்திக்கிட்டே இருக்கும். எங்கயாவது கிருமி பூந்தா அந்த எடத்துல எறங்கணும். ஓடற பஸ்லருந்து எறங்க ஒரு கம்பியப் புடிக்கணும்ல? அந்தக் கம்பி ஒரு புரதம். உங்களுக்கு அந்தப் போலீஸ் காரணமே இல்லாம மூட்டுல எறங்கி அடிச்சிக்கிட்டு இருந்தாங்க. ஊசி அந்தக் கம்பியச் செய்யற ஜீனைக் கெடுத்துடுச்சு. எறங்க முடியல, வலி போச்சு."

"செரி."

"ஆனா காயம் ஆறறது, சிவக்கறது, சீழ் வைக்கறது, காய்ச்சல் அடிக்கறது எல்லாமே அவங்க எறங்கினாத்தான் நடக்கும். தொப்புள் கொடியும் தானா விழறது இல்ல. அவங்க வந்து அடியில அரிச்சு விழ வைக்கறாங்க. உங்களுக்குப் பத்துல ஒரு கம்பி மிச்சம் இருக்கு, அத வச்சு ஓடுது. பாப்பாவுக்கு ஒண்ணுகூட இல்ல."

"ஊசி போட்டது எனக்குத்தானுங்களே? அவ அப்ப பொறக்கவே இல்லியே."

"கருமுட்டை வரைக்கும் போகாதுன்னு சொல்லித்தான் அனுமதி வாங்கினாங்க." அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "போயிருக்கு."

பின்னால் நாற்காலியில் என் மாமியார் உட்கார்ந்திருந்தார். அவர் கைப்பை மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. கொஞ்ச நேரம் குனிந்து எடுக்கவே இல்லை. பிறகு எடுத்துக்கொண்டு, "அன்னைக்கே நாலு பேரு சொன்னாங்க, நோய்க்காரி வேண்டாம்னு" என்றார்.

நான் திரும்பிப் பேசவில்லை. என் வாய்க்கு அது அதிசயம்தான். ஆனால் அந்த ஒரு பேச்சுக்கு மட்டும் மூன்று வருடமாக நான் பதில் சொல்லியதில்லை.

காரணம் இருக்கிறது. பெண் பார்க்க வந்தபோது பத்துப் பொருத்தமும் பார்த்தார்கள். பெரியப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஊசி விசயத்தை வாயத் தொறந்துறாத கண்ணு, ஒரு பய கட்டமாட்டான்" என்றார். எனக்குப் பொய் ஒத்துவராது. மாப்பிள்ளை சென்னியப்பனை மலைக்கோயில் படியில் நிறுத்தி, நோய் இருந்தது, ஊசி போட்டிருக்கிறேன், இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள் என்று நேரடியாகச் சொன்னேன். அவர் போர்வெல் ரிக் வண்டியில் ஆபரேட்டர். தலையைக் குனிந்தபடி கொஞ்சநேரம் நின்றார். பிறகு "அதனால என்னங்க, எனக்குச் சம்மதம்" என்றார். இப்படி ஒரு மனுசனா என்று எனக்கு நெஞ்சு விம்மிப்போனது. அந்த ஒரு வார்த்தைக்காக மாமியாரின் எல்லாப் பேச்சையும் விழுங்கினேன். "எம்பையன் பெரிய மனசுக்காரன், நோய்க்காரியக் கட்டிக்கிட்டான்" என்று விருந்தாளி முன்னால் சொன்னாலும், காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

பாப்பாவுக்கு மருந்து ஏற்றினார்கள். என் பாலைப் பீய்ச்சிக் கொடுக்க, அதைச் சூடாக்கிக் கிருமி போக்கி நர்ஸ் புகட்டினாள். பாப்பா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தன் கையையே சப்பிக்கொண்டு கிடப்பாள். அழுதால் சத்தம்கூட வெளியே வராது, வாய் மட்டும் திறந்து மூடும். நான் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நிற்பேன். அவளுக்கு அது கை என்றே தெரிந்திருக்காது. வீட்டுக்கும் போக முடியாது, உள்ளேயும் போக முடியாது. அந்த வராந்தாவில் நான் கிடந்த கிடை என் எதிரிக்கும் வரக்கூடாது.

"மருந்து எத்தனை நாளைக்குத் தாங்குமுங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ரொம்ப நாள் தாங்காது" என்றார் டாக்டர். "மஜ்ஜை மாத்தணும். கம்பியோட வெள்ளணு செய்யற மஜ்ஜை. உங்களுது ஆகாது. அப்பாவ வரச் சொல்லுங்க, அவர் பாதியாவது ஒத்துப்போவார்."

சென்னியப்பன் அப்போது ராய்ப்பூர் தாண்டி எங்கேயோ ரிக்கில் இருந்தார். போன் செய்தேன்.

"வாரேன் கோகிலா. பைப்பு உள்ள சிக்கிக்கிச்சு. எடுத்துட்டு வாரேன்."

மறுநாள் மழை என்றார். அதற்கு மறுநாள் முதலாளி விடவில்லை என்றார்.

"ஏனுங்க, பெத்த புள்ள கண்ணாடிப் பொட்டிக்குள்ள கெடக்கறா, உங்களுக்குப் பைப்பு பெருசாப் போச்சா?" என்று நான் கத்தியதில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

மாமியார் பக்கத்தில் வந்து, "அவன எதுக்கு வையற? உன்ற பக்கத்து நோவுக்கு என்ற பையன் எலும்பக் குத்தோணுமா?" என்றார். அப்போதும் நான் வாயை மூடிக்கொண்டேன். மறுபடி போன் செய்து, இந்தத் தடவை அழுதேன்.

வந்தார். தாடி மண்டிப்போய், கண் உள்ளே போய், கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றவர் பாப்பாவைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். ரத்தம் எடுக்க நர்ஸ் கூப்பிட்டாள். "சாப்பிட்டு வாரேன்" என்று போனவர் வரவில்லை. தேடிப் போனேன். பார்க்கிங்கில் என் காரில் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு கிடந்தார். பயம் போலிருக்கிறது, ரிக் ஓட்டுகிற ஆளுக்கும் ஊசி பயமா என்று நினைத்து, கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். பச்சைக் குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல முதுகைத் தட்டிக்கொடுத்தேன். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

டாக்டர் எங்கள் மூவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். பாப்பாவின் ஜீன் சோதனை முடிவு வந்திருந்தது.

"கோகிலவாணி, இந்தக் கம்பிக்கு ஒவ்வொருத்தர் உடம்புலயும் ரெண்டு ஜீன் உண்டு. அம்மா ஒண்ணு குடுப்பாங்க, அப்பா ஒண்ணு. ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு வேலை செய்யும். உங்களால கெட்டது ஒண்ணுதான். அதனால மட்டும் பாப்பாவுக்கு எதுவும் வந்திருக்காது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "அப்ப?"

"ரெண்டும் கெட்டிருக்கு. ரெண்டும் ஊசி கெடுக்கற அதே எடத்துல."

டாக்டர் சென்னியப்பனைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் மேசைமேல் இருந்த பேப்பர்வெயிட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரெல்லாம் துளை போடுகிறவர் வீட்டிலேயே கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

"முதுகு புடிச்சுக்கிச்சு, குனிய முடியல" என்றார் மெதுவாக. "முதலாளிதான் எங்க எல்லாத்துக்கும் போட்டு உட்டாரு. ரிக்கு நிக்கக் கூடாதுன்னு. கல்யாணத்துக்கு ஒரு வருசம் முன்னாடி."

"நான் மலையில நிறுத்திச் சொன்னனே. அப்ப?"

"சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன். சொன்னா நீ வேண்டாம்னு போயிருவியோன்னு..."

"நான் சொன்னப்ப நீ வேண்டாம்னா போன?" மரியாதை எல்லாம் போய்விட்டது. "மூணு வருசமா உன்ற அம்மா என்னை நோய்க்காரி நோய்க்காரின்னு கொத்தித் தின்னுச்சே, பக்கத்துல உக்காந்து சோறு தின்னுட்டுத்தான இருந்த? நீ பெரிய மனசுக்காரன்னு உன்ற கால்ல விழாத கொறையா இருந்தனேடா பாவி!"

அவர் அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. அவர் ராய்ப்பூரில் பைப் எடுத்த நாளெல்லாம் என் மகள் அந்தப் பெட்டிக்குள் கரைந்துகொண்டிருந்தாள். வேறு ஆள் தேட வேண்டிய நாள்கள் அவை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"எலியிலயெல்லாம் பாத்துத்தானுங்க உட்டாங்க?" என்று டாக்டரிடம் திரும்பினேன்.

"பாத்தாங்க. ஊசி போட்ட எலிய ஊசி போடாத எலியோட விட்டுப் பாத்தாங்க. குட்டியெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஊசி போட்டதையும் ஊசி போட்டதையும் சேத்து யாரும் விடல." கொஞ்சம் நிறுத்தினார். "நான் மேல எழுதியிருக்கேன். ஒரு கேஸை வச்சு மருந்தக் குத்தம் சொல்ல முடியாதுங்கறாங்க."

மாமியார் மெல்ல நாற்காலியை முன்னால் இழுத்தார். "டாக்டரம்மா, அப்பன் ஆத்தாளுது ஆகாட்டி அப்பத்தாளுது ஆகுமுங்களா?"

"பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கும்மா. சொந்த பந்தத்துல யார்னாலும் பாக்கலாம். ஊசி போடாதவங்களா இருக்கணும், அவ்வளவுதான்."

ரவிக்கைக் கையை மேலே தள்ளிக்கொண்டிருந்தவர், 'ஊசி போடாதவங்க' என்றதும் நிறுத்தினார். தள்ளிய துணியை மறுபடி கீழே இழுத்துவிட்டார். "முட்டி வலின்னேன். முதலாளி எனக்கும் சேத்துப் போட்டு உட்டாரு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். நான் போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்றைக்கு வராந்தாவில் உட்கார்ந்து போனில் இருந்த ஒவ்வொரு பெயருக்கும் அடிக்க ஆரம்பித்தேன். என் அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்து ரொம்ப வருடம் ஆகிறது. பெரியப்பா வீடு, சித்தி வீடு, சென்னியப்பனின் பங்காளிகள், ஒருத்தரையும் விடவில்லை. ஊசி போட்டீர்களா என்று கேட்டால் எவரும் உண்மை சொல்ல மாட்டார்கள் என்று அதற்குள் எனக்குப் பாடம் ஆகியிருந்தது. அதனால் வேறு மாதிரி கேட்டேன்.

"பெரிப்பா, கடைசியா உங்களுக்கு எப்பக் காச்சல் வந்துச்சு?"

"எனக்கென்ன கண்ணு, கல்லுக்குண்டாட்டம் இருக்கறேன். காச்சலாவது ஒண்ணாவது!"

சித்தியும் அதையே சொன்னாள். மில்லில் வேலை செய்கிற அவள் மகளுக்கும் காய்ச்சல் வந்து வருடக்கணக்காகிறதாம். காய்ச்சல் என்று லீவு போடாத ஆளைத்தான் இப்போது வேலைக்கே எடுக்கிறார்கள், காலேஜ் ஹாஸ்டலில்கூட ஊசி சர்ட்டிபிகேட் கேட்கிறார்கள். எல்லாருக்கும் அப்படி ஒரு பெருமை. தும்மல் இல்லை, சளி இல்லை, போன மழைக்கு ஊரே நனைந்தது, ஒரு இருமல் இல்லை. போனில் கேட்ட ஒவ்வொரு நல்ல சேதிக்கும் ஒரு பேரை அடித்துக்கொண்டே வந்தேன். வெளியாள் யாரையாவது தேடலாமே என்று டாக்டரைக் கேட்டேன். பதிவு செய்து வைத்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள், முக்கால்வாசிப் பேர் அதற்குப் பிறகு ஊசி போட்டுக்கொண்டார்கள் என்றார்.

என் அண்ணன் முத்தரசுக்கு மட்டும் அடிக்கவில்லை. அவன் நாமக்கல்லில் லாரி டிரைவர். அந்தக் கம்பெனியில் ஊசி போடாதவனுக்கு வண்டிச் சாவியைக் கொடுக்க மாட்டார்கள். அவன் சர்ட்டிபிகேட்டை நானே பார்த்திருக்கிறேன், வேலை கிடைத்த சந்தோஷத்தில் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். அவனைக் கேட்டு என்ன ஆகப் போகிறது என்று விட்டுவிட்டேன்.

எல்லாப் பெயரும் தீர்ந்துபோனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாப்பா கையைச் சப்பக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். எனக்கு யாரிடமாவது வாய்விட்டு அழ வேண்டும் போல இருந்தது. அதற்குத்தான் அவனுக்கு அடித்தேன்.

"அண்ணா..."

"சொல்லு கண்ணு. பாப்பா எப்படி..." பேச்சு பாதியில் நின்றது. போனைத் தள்ளி வைத்துக்கொண்டு இருமினான். நிற்காத இருமல்.

"என்னண்ணா, இருமறே?"

"தூசு. சிமெண்ட் லோடு."

மறுபடி இருமினான். குரல் கம்மிப்போயிருந்தது, மூக்கு அடைத்திருந்தது. 

"அண்ணா, உடம்பு சுடுதா?"

"மெதுவாப் பேசு!" என்று பதறினான். "போன் ஸ்பீக்கர்ல இருக்கு, பக்கத்துல கிளீனர் இருக்கான். இரு, எறங்கறேன்." கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. "ரெண்டு நாளா அனலாட்டம் கொதிக்குது கண்ணு. மாத்திரையப் போட்டு ஓட்டிக்கிட்டு இருக்கறேன். வெளிய சொல்லிப்புடாத, வேலை போயிரும்."

"நீதான் ஊசி போட்டயே?"

"எங்க போட்டேன். ஊசின்னாலே எனக்குக் கை காலெல்லாம் வேர்த்துரும், உனக்குத் தெரியாதா? சேலத்துல ஒருத்தன் சர்ட்டிபிகேட் மட்டும் போட்டுக் குடுத்தான்."

 சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. சத்தம் கேட்டு, பாப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று மாமியார் ஓடிவந்தார், சென்னியப்பன் ஓடிவந்தார், நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு எட்டிப் பார்த்தாள், டாக்டரும் வந்துவிட்டார். "காச்சலாம்! எங்கண்ணனுக்குக் காச்சலாம்!" என்று எல்லாரிடமும் சொன்னேன். மாமியார் சுவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

அண்ணன் அந்தப் பக்கம் "என்னாச்சு, என்னாச்சு" என்று கத்திக்கொண்டிருந்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பாப்பாவுக்குக் கம்பி இல்லாதது, எங்கள் இரண்டு பேருடைய மஜ்ஜையும் ஆகாது என்பது, தாய்மாமன் என்றாலும் ஒத்துப்போகப் பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு என்பது. காய்ச்சல் விட்ட பிறகுதான் எடுப்பார்கள் என்று டாக்டர் பக்கத்திலிருந்து சொன்னதையும் சொன்னேன்.

"எதுலருந்து எடுப்பாங்க?" என்றான்.

பொய் எனக்கு ஒத்துவராது. "இடுப்பெலும்புல அண்ணா. ஊசிதான்."

"பெருசா?"

"பெருசுதான். மயக்கம் குடுத்துத்தான் குத்துவாங்க. அதுக்கும் ஒரு ஊசி."

 லாரிகள் போகிற இரைச்சல் மட்டும் கேட்டது. பள்ளிக்கூடத்தில் ஊசி போட வந்தபோது சுவர் ஏறிக் குதித்து, காலை உடைத்துக்கொண்டு, அதற்கு இரண்டு ஊசி போட்டுக்கொண்டவன் அவன். நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு இந்த லோடு எறக்கோணுமே" என்றான் கடைசியில். "லீவு கேட்டா என்னத்துக்குன்னு கேப்பான் முதலாளி."

"என்னண்ணா சொல்லுவே?"

இருமினான். இந்தத் தடவை போனைத் தள்ளி வைத்துக்கொள்ளவில்லை.

"என்னத்தச் சொல்றது. காச்சல்னுதான் சொல்லோணும்."